எல்லைக்கோட்டில் கம்பம் பிடித்தவன்

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த அறை அமைதியாக இருக்கிறது, நீங்களும் மெதுவாகக் கேட்கிறீர்கள், அதனால் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வக்கீல் வேண்டுமா என்று மறுபடி கேட்காதீர்கள், வேண்டாம். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள் ரகளை பண்ணும்போதுகூட மிஸ்டர் வெர்ன் குரல் உயர்த்தியதில்லை என்று இந்த கெல்சி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபம் எனக்கு வராது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஃபுட்பால் பார்ப்பதில்லை என்றீர்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு அது எப்படி முடிகிறதோ, கொடுத்துவைத்தவர். சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தைக் கையால் வீசலாம், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடலாம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்தப் பத்து கஜத்தைக் காட்டத்தான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நாங்கள் நிற்கிறோம். இரண்டு கம்பம், நடுவில் ஒரு சங்கிலி. முன்கம்பம் ஜீன் பொலாசெக், தபால்காரன். பின்கம்பம் நான். உள்ளூர்க்காரர்களைத்தான் இந்த வேலைக்குப் போடுவார்கள். எங்கள் டாக்கர்ஸ் அணி சொந்த மைதானத்தில் ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. என் மனைவியை அடக்கம் செய்த வாரத்தில்கூடப் போனேன்.

சங்கிலிக்காரர்களுக்கு முக்கியமான கட்டளை இரண்டு. ஆட்டக்காரன் உன் பக்கம் ஓடி வந்தால் கம்பத்தைக் கீழே போட்டுவிட்டு விலகிவிடு. மற்றது, கைதட்டாதே, கத்தாதே, முகம் சுளிக்காதே. நாங்கள் நடுவர்களோடு சேர்ந்தவர்கள். எந்த அணியும் எங்களுக்குச் சொந்தம் இல்லை என்று பாவனை செய்ய வேண்டும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அரங்கம் நிறைய ஜனம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, ஆத்திரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குகிறது. எல்லோரையும்விடப் பக்கத்தில் நிற்பவன் நான். ஒவ்வொரு கேவலத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவன் நான். நான் மட்டும் மரம்போல நிற்க வேண்டும். நின்றேன். ஒரு குறையும் சொல்லவில்லை.

எங்கள் அணி மோசமான அணி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது தப்பு. மோசமான அணியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். படுமோசமாகத் தோற்றால் முதலாளிக்கு வெட்கம் வரும், பயிற்சியாளரைத் துரத்துவார், புதிதாக எதையாவது ஆரம்பிப்பார். டாக்கர்ஸ் அப்படியும் தோற்பதில்லை. ஒரு வருடம் பாதி ஆட்டங்களைவிட ஒன்று குறைவாக ஜெயிப்பார்கள், அடுத்த வருடம் ஒன்று கூடுதலாக ஜெயிப்பார்கள். ஆறிப்போன காபி மாதிரி. துப்பவும் முடியாது, குடிக்கவும் முடியாது.

முதலாளி விட் லென்னார்ட். அப்பா சம்பாதித்து வைத்த அணி அவருக்குத் தானாக வந்து விழுந்தது. எங்களிடம் இருந்த ஒரே நல்ல பந்துபிடிக்காரனை வேறு ஊருக்கு அனுப்பினார். அந்தப் பையன் அங்கே போய்க் கோப்பையைத் தூக்கினான். ஒவ்வொரு குளிர்காலமும் லென்னார்ட் விலை உயர்ந்த கோட்டைப் போட்டுக்கொண்டு டிவியில் வருவார். "நாம சரியான பாதையிலதான் போய்க்கிட்டிருக்கோம். கொஞ்சம் பொறுமையா இருங்க" என்பார். துறைமுகத்தில் வேலை போனவன், இரும்பாலை மூடியதும் வீட்டை விற்றவன், இவர்களிடம் போய்ப் பொறுமையைப் பற்றிப் பேசுகிற தைரியம் அந்த மனிதருக்கு இருந்தது. எனக்கு அவர்மேல் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் கிடையாது. டிவியை அணைத்துவிடுவேன், அவ்வளவுதான். ஒரு தடவை அது உடைந்துவிட்டது.

அப்புறம் ட்ரெண்ட் ஹாலிஸ்டர். எங்கள் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், யாருக்கு வீசுவது என்று முடிவெடுப்பவன் அவன்தான். மொத்த ஆட்டமும் அவன் தலைக்குள் இருக்க வேண்டும். ஹாலிஸ்டர் தலைக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. அழகான பல் இருந்தது, விளம்பரங்களில் வரும். ஆட்டத்துக்கு முன்னால் வண்டிகள் நிறுத்துமிடத்தில் எங்கள் ஜனம் அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டிக்கொண்டு, தலையில் காகிதப் பையைக் கவிழ்த்து, கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு நிற்கும். இந்த அணியின் ரசிகன் என்று முகம் காட்டவே வெட்கமாம். அதில் ஒருவன் கத்துவான்: "ஹாலிஸ்டர் கையில வீட்டுச் சாவியக் குடுத்துப் பாரு, நேரா திருடன் கையிலயே வீசுவான்." எல்லோரும் சிரிப்பார்கள். ஜீனும் சிரிப்பான். கம்பத்தோடு ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்கிற நாட்களில், உதட்டை அசைக்காமல் என்னிடம் சொல்வான்: "வெர்ன், அடுத்த வாரம் ஆளுக்கொரு நாற்காலி கொண்டாந்துடலாமா? இவனுங்க நம்மள நகர விடுற மாதிரி தெரியலயே."

எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஆட்டம். ஜெயிக்க வேண்டியது. கடைசி நிமிடத்தில் ஹாலிஸ்டர் பந்தை எதிராளியின் நெஞ்சுக்கு நேராக வீசினான். வீசிவிட்டு எல்லைக்கோட்டுக்கு வந்தவன், அந்த எதிராளியோடு தோளில் தட்டிச் சிரித்துப் பேசினான். என் பக்கத்தில் நின்று சிரித்தான். அரங்கத்தில் வயது வந்த ஒரு ஆண் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து அழுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஹாலிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தான்.

"என்ன பெரியவரே, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? விளையாட்டுதானே."

பதில் சொல்லக் கூடாது என்பது விதி. வீட்டுக்குப் போய் சூப் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் ஒன்று தோன்றியது. அவன் பயந்தால் எப்போதும் இடது பக்கம் ஓடுவான். துரத்துகிறவர்களிடம் அடி வாங்காமல் எல்லைக்கோட்டைத் தாண்டித் தப்பிப்பது அவன் வழக்கம். இடது பக்கம் என்றால் பாதி ஆட்ட நேரம் நாங்கள் நிற்கும் பக்கம். முழு வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டு வருவான். நாங்கள் மரியாதையாகக் கம்பத்தைக் கீழே போட்டு அவனுக்கு வழி விடுவோம்.

வழி விட வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் யாரையும் அடிக்கவில்லை, தள்ளவில்லை. ஒன்றைச் செய்யாமல் விடுவது என்று தீர்மானித்தேன், அவ்வளவுதான். அதன் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

அக்டோபரில் இரண்டு ஆட்டங்களில் அவன் ஓடி வரவில்லை. நான் அவசரப்படவில்லை. போன ஞாயிறு அவன் முதல் பாதியிலேயே மூன்று தடவை பந்தைப் பறிகொடுத்தான். அரங்கம் முழுக்க "மாரெக், மாரெக்" என்று கத்த ஆரம்பித்தது. டோபி மாரெக் மாற்று குவார்ட்டர்பேக். கெல்சி பையன். என் பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன். இறங்கும்போது தினமும் "தேங்க்ஸ் மிஸ்டர் வெர்ன்" என்று சொன்னது மொத்தத்தில் நாலைந்து பிள்ளைகள்தான், அதில் அவன் ஒருவன். ஹாலிஸ்டருக்குப் பதில் அவனை இறக்குங்கள் என்று ஊர் இரண்டு வருடமாகக் கெஞ்சியது. லென்னார்ட் கேட்கவில்லை. ஹாலிஸ்டருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு அவனை உட்கார வைத்தால் முதலாளி முட்டாள் என்று ஆகிவிடுமே.

கடைசிக் கால் பகுதியில் பயிற்சியாளருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. மாரெக்கை இறக்கினார்.

நான் சந்தோஷப்பட்டேன். அதை ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவன் வீசிய முதல் பந்தே சரியான கையில் போய் உட்கார்ந்தது. நடுவர் கையைக் காட்டினார், நானும் ஜீனும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடி பத்து கஜம். மறுபடி ஓடினோம். எனக்கு மூச்சு வாங்கியது. ஜீன் விதியை மறந்து வாய்விட்டே சொன்னான்: "பாத்தியா வெர்ன், இதுக்குத்தான்டா இத்தன வருஷம் நின்னோம்." ஒரு தடவை வீசினால் ஜெயம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். கடிகாரத்தில் சில நொடிகள் மிச்சம்.

மாரெக் பந்தை வாங்கினான். மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு அப்பால், பந்தைப் பிடித்தாலே ஜெயம் என்கிற இடத்தில், எங்கள் ஆள் ஒருவன் தனியாகக் கையை உயர்த்தி நின்றான். நான் பார்த்தேன். மாரெக்கும் அந்தப் பக்கம் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். வீசவில்லை. தயங்கினான். பிறகு பந்தை அணைத்துக்கொண்டு இடது பக்கம் ஓட ஆரம்பித்தான். எங்கள் பக்கம். அதே ஓட்டம். அதே குனிந்த தலை. இவனும்தானா என்று நினைத்தேன். ஊரே நம்பியது, நான் நம்பினேன், இவனும் கடைசியில் அந்தப் பல்லழகன்தானா.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். யார் வருகிறான் என்று எனக்குத் தெரிந்ததா. தெரிந்தது. ஹாலிஸ்டர் எண் ஒன்பது, இவன் எண் பதினாலு. எண்ணைப் பார்த்தேன், முகத்தையும் பார்த்தேன். அவனும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "மிஸ்டர் வெர்ன், விலகுங்க" என்று கத்தினான். எனக்கு அடிபடக் கூடாது என்று கத்தினான்.

ஜீன் தன் கம்பத்தைப் போட்டுவிட்டு விலகினான். நான் என் கம்பத்தின் அடியைத் தரையில் அழுத்தி, மேல்பக்கத்தை அவனை நோக்கிச் சாய்த்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பின்னால் துரத்தி வந்த எதிராளி அவனைத் தள்ளினான். கழுத்து வந்து மோதியது.

அரங்கம் அமைதியானது. அவ்வளவு ஜனம் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. அதை நான் அங்கே முதல் தடவையாகக் கேட்டேன்.

அவன் இனி நடக்க மாட்டான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவமனைக்குப் போனேன். அவன் அம்மா லிண்டா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க உங்களையே நொந்துக்காதீங்க வெர்ன். வயசாகுது, கை சட்டுனு வரல. யாரு என்ன பண்ண முடியும்" என்றார். டோபி தலையை அசைக்க முடியாமல் படுத்தபடி மெதுவாகச் சொன்னான்: "நாந்தானே மிஸ்டர் வெர்ன் உங்க மேல வந்து விழுந்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

செய்தித்தாளிலும் அதையேதான் எழுதினார்கள். வயதானவர், கைவேகம் குறைந்தவர், இனி இளைஞர்களை நிறுத்த வேண்டும் என்று. உண்மையைச் சொல்கிறேன், நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம். என் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸுக்குக் குறுக்கே பந்தைத் துரத்திக்கொண்டு வந்த குழந்தைகளுக்கு எத்தனையோ தடவை பிரேக் போட்டிருக்கிறேன், ஒருவர்மேலும் இடித்ததில்லை. கம்பத்தைக் கீழே போட எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் போடவில்லை. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று ஜீனிடம் இதைச் சொன்னேன். அவன்தான் உங்களுக்குப் போன் பண்ணினான் என்று தெரியும், தப்பில்லை. அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தப் பையன் பயந்து ஓடுனான்னா நினைச்ச?" என்று கேட்டான். "கையத் தூக்கிட்டு நின்னவன் பின்னாடியே ரெண்டு எதிராளி இருந்தானுங்கடா. வீசியிருந்தா பந்து அவனுங்க கைக்குப் போயிருக்கும். கோட்டத் தாண்டி வெளிய போனா கடிகாரம் நிக்கும், இன்னொரு முயற்சி கிடைக்கும். அதுக்குத்தான் ஓடுனான். எட்டு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே வெர்ன். உனக்கு எப்படிடா தெரியாமப் போச்சு?"

தெரியும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் கடிகாரம் நிற்கும். அது எனக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜீன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். வரும் ஞாயிறு மறுபடி ஹாலிஸ்டர்தான் ஆடப்போகிறானாம், லென்னார்ட் டிவியில் சொன்னார். பின்கம்பத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், கண்டவனையும் அங்கே நிறுத்திவிட வேண்டாம். அந்த இடத்துக்கு என்னைப்போலக் கோபமே வராத ஆள்தான் சரிப்படும்.