டவர் இல்லாத வளைவு

சித்தேரி மலையேறும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் கண்டக்டரிடம், “அடுத்த வளைவு தாண்டுனா டவர் கெடைக்காதில்லீங்க?” என்று கேட்டார்.

“வாரா வாரம் இதயே கேக்கறீங்க. மேல யாரு வூட்டுக்குப் போறீங்க?”

“யாரு வூட்டுக்கும் இல்லீங்க. டீ குடிச்சிட்டு இதே பஸ்ல கீழ எறங்கிருவேன்.”

“அதுக்கா இவ்ளோ தூரம்?”

“வூட்ல இருந்தா கை தானா போனுக்குப் போவுது. சம்சாரம் சாவறதுக்கு மொத நாளு பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் என்னமோ சொன்னா. நான் தக்காளி மண்டி குரூப்பப் பாத்துக்கிட்டே ‘ம், ம்’னு இருந்துட்டேன்.”

கண்டக்டர் வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்கினார்.

“என்னங்க சொன்னாங்க?”

“அத நெனச்சுப் பாக்கத்தாங்க வரேன். முடிக்கறப்ப ‘சரிங்களா?’ன்னு கேட்டா. அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. ‘சரி’ன்னுட்டேன்.”