முதலில் வரும் மெஸ்

"உன் போன்ல மட்டும்தான்க்கா நாம முதல்ல வர்றோம்."

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த இளைஞன் இப்படிச் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் அவன் அக்கா. இருவரும் திருப்பதி ஸ்டேஷன் அருகே மெஸ் நடத்துகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"டெய்லி நம்ம பேரையே போட்டுத் தேடிக்கினு கீற. அதான் உனுக்கு முதல்ல காட்டுது."

அக்காவின் முகம் வாடியது. "இந்த மாசமும் ஆள் வரலன்னா மூடிட வேண்டியதுதான்டா. வெப்சைட்டு வெப்சைட்டுன்னு என்னாத்த செஞ்ச?"

"பசியில வர்றவனுக்கு நம்ம பேரு தெரியாதுக்கா. நாம என்னென்ன சமைக்கிறோம்னு, அவன் கேக்குற மாதிரியே எழுதி வெச்சிக்கீறேன்."

எதிர்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் தன் போனை நீட்டினார். "இதுல பாரு தம்பி. இதுல உங்க பேர யாரும் தேடினதில்ல."

அவன் வாங்கவில்லை. "உங்களுக்கு வேண்டியத நீங்களே கேளுங்கம்மா."

அம்மாள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு போனிடம் நிதானமாகச் சொன்னார்: "திருப்பதி ஸ்டேஷன் பக்கத்துல, அல்சர்காரங்க துன்ற மாதிரி காரம் கம்மியா சாப்பாடு."

மூவரும் திரையையே பார்த்தார்கள். அம்மாள் முதலில் வந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க மெஸ்ஸா இது?" என்றார் அம்மாள். "இன்னிக்கு என்னா கொழம்பு?"