மார்பளவுத் தண்ணீரில் மக்கள் சேவை

எனக்கு நீச்சல் தெரியாது. தொகுதியில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தண்ணீரில் நிற்கும் என் போஸ்டர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள்.

இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்வி அம்மா, வாக்குமூலத்தை உங்கள் ரைட்டர் எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். அவர் கையெழுத்தில் கோர்ட்டுக்குப் போனால் ஜட்ஜ் என்னைப் பற்றி மட்டமாக நினைத்துவிடுவார். நீங்களும் எனக்கு அந்நியர் இல்லை. வாக்காளர் பட்டியலில் பாகம் பதினெட்டு, வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு. உங்கள் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எவர்சில்வர் குடம் கொண்டுவந்து வைத்தவன் நான்தான். அதற்காகச் சலுகை எதுவும் கேட்கவில்லை. நினைவிருந்தால் போதும்.

புருஷோத்தமன் எம்.எல்.ஏ. எட்டு முறை நின்றேன், ஆறு முறை ஜெயித்தேன். முத்தியால்பேட்டையைத் தாண்டி இருக்கும் எங்கள் வாழைத்தோப்புத் தொகுதி, புதுச்சேரிக் கணக்குக்கும் சின்னது. இருபத்து நாலாயிரம் ஓட்டு. ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் விட்டால் முப்பது ஓட்டு போய்விடும். முதல் தேர்தலில் பத்தொன்பது ஓட்டில் தோற்றேன். மில் தொழிலாளியாக இருந்தவன், நியாயமாகப் பேசினால் ஜெயித்துவிடலாம் என்று நம்பினேன். சின்ன வயசு.

இரண்டாவது தேர்தலுக்கு முந்தின ஐப்பசியில் குளத்துத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. அது என் வேலை இல்லை. அங்கே வாய்க்கால் முடிகிற இடத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்து மதகு ஒன்று இருக்கிறது, ஷட்டர் என்போம். கடல் பொங்கினால் மூட வேண்டும், மழை பெய்தால் திறக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் இருசப்பன் அன்றைக்கு மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டான். மூடின ஷட்டர் மூடியபடி கிடந்தது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி ரொட்டி கொடுத்தேன். ஒரு கிழவர் என் தலையில் கை வைத்து அழுதார். முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தேன்.

அந்த ஐந்து வருடம் நான் வேலை செய்ததுபோல் இந்த ஊரில் எவனும் செய்ததில்லை. தெருவிளக்கு, சமுதாயக் கூடம், பால்வாடி. ஷட்டருக்கு எண்ணெய் போட்டு, மழைக்கு முன்னால் நானே நின்று திறக்கச் சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெருவுக்குள் வரவில்லை. தேர்தல் வந்தது. அறுநூற்று நாற்பது ஓட்டில் தோற்கடித்தார்கள். சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே, "அந்த ஆளு என்னா கிழிச்சாரு?" என்று கேட்டார்களாம். வயிறு எரிந்தது அம்மா. அன்றைக்குச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பிறகு நான் நிதானமாக யோசித்தேன். நனையாதவனுக்குக் குடை பிடித்தவன் முகம் ஞாபகம் இருக்காது. இருசப்பனைக் கூப்பிட்டுப் பேசினேன். அவன் பெண்ணுக்கு அங்கன்வாடியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அவனை எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் செய்யாமல் இருக்கத்தான் சொன்னேன். அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. நான் பேராசைக்காரன் இல்லை.

நான்காவது தேர்தல், முழங்காலுக்கு மேலே தண்ணீர், ஆயிரத்து நூற்று நாலு ஓட்டு வித்தியாசம். ஐந்தாவதற்கு முன்னால் மழை பொய்த்துவிட்டது. வேறு வழியில்லாமல் பதினாறு தண்ணீர் லாரி வரவழைத்து, தெருக்கோடியில் திறந்துவிடச் சொன்னேன். ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஒரு சொட்டு விடாமல் பிடித்துவிட்டார்கள். குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லையாம், எனக்குத் தெரியாது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வித்தியாசம். ஆனால் அது தற்செயல். தற்செயலை நம்பி அரசியல் செய்ய முடியாது. ஆறாவதில் மறுபடியும் ஷட்டருக்கே வந்தேன். தொடையளவு, இரண்டாயிரத்து முன்னூற்று எழுபத்தேழு.

ஏழாவதில்தான் அஞ்சலாட்சி குறுக்கே வந்தாள். குளத்துத் தெருவின் கடைசி வீடு, பள்ளத்தில் இருக்கும். கூடையில் மீன் சுமந்து விற்பவள். புருஷன் இல்லை, சுடர்விழி என்று ஒரு பெண். அஞ்சலாட்சியின் வாய்க்குத் தெருவே பயப்படும். அந்த வருடம் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். புயல் வருகிறது என்று ரேடியோவில் கேட்டதும், எலுமிச்சைச் சாதம் எண்ணூறு பொட்டலம் கட்டச் சொல்லி, குப்பத்திலிருந்து படகை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருவில் இறக்கிவிட்டேன். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் எம்மெல்லே, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. அதுக்குள்ள படகு வந்து குந்திக்கினு கீது?" என்றாள் அஞ்சலாட்சி.

"முன்னெச்சரிக்கைம்மா."

"தண்ணிக்கு மின்ன படகு வருது, படகுக்குப் பின்ன தண்ணி வருது. நல்லா கீதுயா உன் எச்சரிக்கை."

தெருவே சிரித்தது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தபோது அவள் நேராக ஷட்டருக்குப் போய் இருசப்பனின் சட்டையைப் பிடித்துவிட்டாள். அவன் இளகின மனசுக்காரன். ஒரு மணி நேரத்தில் திறந்துவிட்டான். நான் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. அறுபத்தோரு ஓட்டில் தப்பினேன். அறுபத்தொன்று! ஒரு வளைகாப்புக் கூட்டம்.

எட்டாவது தேர்தலுக்கு அவளே சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒரே வாக்குறுதிதான். "எனுக்கு ஓட்டுப் போடுங்க, ஷட்டர் சாவிய நான் வச்சிக்கிறேன்." சாவி என்று அவள் சொன்னது அதைத் திருகும் இரும்புக் கைப்பிடியை. முத்தியால்பேட்டை மார்க்கெட்டில்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். மீன் கூடைக்காரியிடம் தோற்றால் முப்பத்தைந்து வருட அரசியலுக்கு என்ன அர்த்தம்? அதனால் அந்தக் கார்த்திகையில் கைப்பிடியை இருசப்பனிடம் விடாமல் நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் மழை. இருசப்பன் போன் செய்துகொண்டே இருந்தான். "தலைவரே, தண்ணி இடுப்புக்கு வந்துட்ச்சி, குடுத்துடுங்க." பிறகு, "தலைவரே, மாரு மட்டும் ஏறிட்ச்சி." இரு இரு என்றேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அஞ்சலாட்சி வீட்டுக்குத்தான் படகை விடச் சொன்னேன். எதிரி வேட்பாளரை நானே காப்பாற்றுகிற படம் ஒன்று போதும், அவள் கதை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. முடிந்துவிடும் என்றால் அரசியலில். எதிர் மாடியில் போட்டோகிராபரை நிறுத்தியிருந்தேன். படகில் நானும் படகோட்டி ஆனந்தராஜும் மட்டும். கைப்பிடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் பலகைக்கு அடியிலேயே போட்டிருந்தேன்.

அவள் சன்னலுக்கு மேலே சன்ஷேடில் ஏறி, நனைந்துபோய் நின்றிருந்தாள். சுடர்விழி வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் கையை நீட்டினேன்.

"வா அஞ்சலாட்சி, ஏறு. அப்புறம் பேசிக்கலாம்."

"எதுக்கு, நாளைக்குப் பேப்பர்ல போட்டுக்கவா? ஷட்டரத் தெறக்கச் சொல்லு. நான் என் காலாலயே நடந்து வரேன்."

"அது அதிகாரிங்க கையில இருக்குதும்மா."

அவள் குனிந்து பார்த்தாள். "அப்ப உன் பலகைக்கு அடியில கெடக்குறது என்னா? முறுக்கு புழியுற அச்சா?"

ஆனந்தராஜும் குனிந்து பார்த்தான். அதற்குப் பிறகு அவளைப் படகில் ஏற்றுவது எனக்குச் சிரமமாக இருந்தது.

இதுவரை நீங்கள் கேட்டதற்குப் பதில். அடுத்ததை நீங்கள் கேட்கவில்லை, ஆனந்தராஜும் பயத்தில் சொல்லியிருக்க மாட்டான். நான் கை நீட்டிய படம் கிடைத்ததுமே போட்டோகிராபர் மழைக்குப் பயந்து மாடியிலிருந்து உள்ளே போய்விட்டான். சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக நானே எழுதுகிறேன். அவள் வீட்டுச் சுவர் பழைய மண்சாந்துச் சுவர். சன்ஷேடுக்குக் கீழே விரிசல் விட்டது, மூன்று பேரும் பார்த்தோம். அவள் கையை நீட்டி, "சரி, கிட்ட வா எம்மெல்லே, ஏறிக்கிறேன்" என்றாள். குரல் மாறியிருந்தது. நான் படகைத் திருப்பச் சொன்னேன்.

"ஏறிக்கிறேன்னு சொல்லுதே தலைவரே," என்றான் ஆனந்தராஜ்.

"மொதல்ல கொழந்தைங்க இருக்கற வூடுங்களப் பாப்போம்டா," என்றேன். அப்படிச் சொன்னது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. நாங்கள் தெரு திரும்பும்போது பின்னால் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, படகு ஆடும்.

சாவுக்கு நான்தான் முன்னால் நின்றேன். பாடைக்குத் தோள் கொடுத்தேன். அழுதது நடிப்பு இல்லை, அவளைப்போல வாயாடி இனி தொகுதிக்குக் கிடைக்க மாட்டாள். நான் அவளை நோக்கிக் கை நீட்டும் படம் எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டது. நாலாயிரத்து எண்ணூற்று ஆறு ஓட்டு வித்தியாசம். வாழைத்தோப்பின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம்.

பிழை வெற்றிவிழாவில் நடந்தது. சுடர்விழி ஒரு பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தாயில்லாத பெண் ஆயிற்றே, நம்மால் அந்தக் கடைக்கு ஒரு ஆர்டர் கிடைக்கட்டுமே என்று இருபது அடி பேனரை அங்கேயே கொடுத்தேன். இரக்கத்தில் செய்த காரியம். போஸ்டரில் கரும்புள்ளியாக இருந்த கைப்பிடி இருபது அடியில் என் கை நீளத்துக்கு வந்து நின்றது. அவள் அதை அச்சடித்து, சுருட்டி, எடுத்துக்கொண்டுபோய் இருசப்பன் வீட்டு வாசலில் விரித்துப் போட்டாளாம். அவன் அதன்மேலேயே உட்கார்ந்து அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். கைப்பிடி என்னிடம் இருந்தது. திறக்கவில்லை. கையை நீட்டினவளை விட்டுவிட்டு வந்தேன். அஞ்சலாட்சியைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஜனங்களை நான் கைவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள், அதை என்னால் தாங்க முடியாது.

இப்போது கைப்பிடி சுடர்விழியிடம் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை நாள் முழுக்கக் கொட்டியதே, குளத்துத் தெரு எப்படி இருக்கிறது என்று உங்கள் ஏட்டிடம் கேட்டேன். தெரு காய்ந்து கிடக்கிறது, ஒரு ஆள்கூட உதவிக்குக் கூப்பிடவில்லை என்றார். பாவம், கூப்பிட்டால் வர இனி யார் இருக்கிறார்கள் என்று பேசாமல் இருந்திருப்பார்கள்.