வைக்கோல் சுற்றிய புட்டி

"ஹலோ... ஹலோ! யாரு, பட்டாபியா? ...ஓய், கத்தாதீரும், நன்னாத்தான் கேக்கறது... ஆமாம், ஆமாம், மஹாதேவன்தான். சாம்பிள் புட்டி வந்துடுத்து. மேஜைமேல நிக்கறது... வைக்கோல் சுத்தினதுதான். ஊறுகாய் ஜாடி மாதிரி வயித்தைத் தள்ளிண்டு நிக்கறது."

மஹாதேவன் ரிஸீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர் டெலிபோனின் வாயருகே குனிந்தார். மறுமுனையில் கூடப் பணிபுரியும் பட்டாபிராமன், ஆற்றுக்கு அக்கரையில் ஹவுரா கிடங்கில், துரையோடு ஏலத்தில் நின்றுகொண்டிருந்தார். இத்தாலிக் கப்பலில் வந்த சிவப்பு ஒயின், விலை மலிவு. வாங்கிப் பத்து வருஷம் நிலவறையில் வைத்தால் தேறுமா என்று துரைக்குத் தெரிய வேண்டும். துரைக்கோ ஜலதோஷம், மூக்கு அடைத்துவிட்டது. கம்பெனியில் மிச்சமிருந்த ஒரே நல்ல மூக்கு மஹாதேவனுடையது. நெய் டின்னைத் திறந்த மாத்திரத்தில் கலப்படம் சொல்லிவிடுகிற மூக்கு அது. இறக்குமதி இலாகாவின் தலைமை நாற்காலி காலியாகக் கிடந்தது. இன்று சரியாகச் சொன்னால் அது அவருக்கு.

"நானா? ஜன்மத்துல தொட்டதில்லை ஐயா... நாக்குல பட்டா என்ன, தொண்டைக்குள்ள போகலையோல்லியோ? துப்பிடுவேன். சாயங்காலம் கங்கையில ஒரு முழுக்கு. கல்கத்தா உத்தியோகத்துல அது ஒரு சௌகரியம்... என்ன? ...ஆமாம், துரை சொன்னபடியேதான். அப்பவே அகலப் பாத்திரத்துல ஊத்திக் காத்தாட வெச்சாச்சு... என்னோட மோர்த் தூக்குதான். பின்னே, ஆபீஸ் கண்ணாடி கிளாஸ்லயா? ஊரெல்லாம் வாய் வெச்சது அது! பித்தளைன்னா புளி போட்டுத் தேய்ச்சாப் போச்சு... ஆத்துல காமுவுக்கு ஏன் தெரியப் போறது? நீர் சொன்னாத்தான் உண்டு."

"எஸ் மேடம், ஸ்டில் டாக்கிங், மேடம்... எக்ஸ்சேஞ்சுக்காரி, பட்டாபி. நீர் சொல்லும்... நிறமா? நல்ல சிவப்பு. ஓரத்துல கொஞ்சம் ஊதா... வாசனையா? இரும்... பழ வாசனை இருக்கு. தோல் செருப்பு வாசனையும் இருக்கு... அது இருக்கலாமாம், துரையே சொல்லியிருக்கார்... சரி, சரி, அவசரப்படுத்தாதீரும்."

தூக்கை உயரத் தூக்கி, உதடு படாமல் ஒரு வாய் விட்டுக்கொண்டார். கன்னத்துக்குக் கன்னம் உருட்டினார். படிக்கத்தில் துப்பினார்.

"ஐயய்யோ! ...ஓய், நாக்கே சுருண்டுடுத்து! செப்புக் காசை வாயில அடக்கிண்டாப்பல இருக்கு... இல்லை, இல்லை, துவர்ப்பு இருந்தாத் தேவலையே. வடுமாங்காய் போட்ட அன்னிக்கே இனிச்சா ஆடி வரைக்கும் நிக்குமோ? நாக்கைப் பிடிக்கறதுதான் நிக்கும். இது அது இல்லை, இது கோளாறு... பத்து வருஷமா? பத்து நாள் தாங்காது! ...ஆமாம், அப்படியே துரைகிட்ட சொல்லும். விட்டுடச் சொல்லும்... ம், இருக்கேன். லைன்லயே இருக்கேன்."

பட்டாபி சொல்லப் போனார். சும்மா நிற்பானேன் என்று மஹாதேவன் தூக்கைச் சாய்த்து மிச்சத்தைப் படிக்கத்தில் கொட்டினார். கொட்டியவர் உள்ளே பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய அடிப்பாகம் மஞ்சளாகப் பல்லை இளித்தது. உள்ளே பூசியிருந்த ஈயம் போய், புளிப்பு பட்டால் களிம்பூறும் வெறும் பித்தளை தெரிந்தது.

ஈயம் பூசுகிறவனைக் கூப்பிடுங்கள் என்று காமு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்று இதே தூக்கில் வந்த மோர் இப்படித்தான் செப்புக் காசாக இருந்தது. ஒரு மோர் கலக்கத் துப்பில்லை என்று வீட்டுக்குப் போய் அவளை உண்டு இல்லை என்று பண்ணியவர் அவர்தான்.

புட்டியை எடுத்து, அண்ணாந்து, நேரே வாயில் விட்டுக்கொண்டார்.

முதலில் நாக்கைப் பிடித்தது. நெல்லிக்காய் மாதிரி துவர்த்தது. பிறகு மெல்ல விட்டது. விட்ட இடத்தில் ஒரு இனிப்பு ஊறி, போக மனமில்லாமல் நின்றது. பத்து வருஷம் என்ன, பதினைந்தும் தாங்கும். படிக்கம் அவருக்கு ஞாபகமே வரவில்லை. விழுங்கிவிட்டார்.

"ஹலோ! ஹலோ! பட்டாபி! நில்லும், துரையை நிறுத்தும்! ...என்ன? ...ஏலம் விழுந்துடுத்தா? யாருக்கு? ...கிதர்பூர் சாராயக் கடைக்காரனுக்கா? ...அவன் வெச்சுப்பானோ? கொஞ்ச நாளாவது? ...இன்னிக்கே மாலுமிகளுக்கா? ...அத்தனையுமா? ...அடப்பாவி."

"என்ன, துரையா? ...சிரிக்கறாரா? ...'ஒரே வார்த்தையில சொல்றவன்'னா? என்னையா? ...நாளையிலேருந்தா? ...அந்த நாற்காலியேவா?"

மஹாதேவன் புட்டியைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இன்னொரு தரம் திறந்தார். தப்பு என்று நிரூபிக்க யாராவது பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குச் சரக்கும் மிஞ்சப் போவதில்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியும் வேண்டியிருந்தது.

"...இல்லை, இல்லை, ஒண்ணும் சொல்ல வரலை... 'நில்லும்'னு கத்தினேனா? இருமல்... ஆமாம். செப்புக் காசுதான். ஆமாம், ஆமாம். துரைக்கு என் நமஸ்காரம் சொல்லும்."

"ஓய்... வெச்சுடாதீரும். ஒரு உபகாரம். பவானிபூர் வழியாத்தானே ஆத்துக்குப் போவீர்? ஈயம் பூசறவன் எவனாவது தென்பட்டா கையோட எங்காத்துல கொண்டு விடும்... இன்னிக்கேதான்... நாற்காலி சமாசாரமா? அதை நான் சொல்லிக்கறேன். நீர் காமுகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போறும்... நேத்து மோர் நன்னாத்தான் இருந்துதாம்னு சொல்லும்... நீர் சொல்லுமே, அவளுக்குப் புரியும்... ம். வெச்சுடறேன்."