ரெக்கை ஓரத்து வெள்ளை

சக்கரை இல்லாம டீ சொன்னதுக்கு நன்றி சார். யாரும் கூப்பிடாம ஒருத்தன் ஸ்டேஷனுக்கு வந்து உக்காந்தா உங்களுக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கும். போன மாசம் எண்ணூர் கழிமுகத்துச் சேத்துல சிக்கி ஒருத்தர் செத்தாருல்லா, கிருஷ்ணப்பன், புளியந்தோப்புக்காரர், பஸ் டிப்போல டைம் கீப்பர். விபத்துன்னு எழுதி மூடிட்டீங்க. அதைத் திறக்கணும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிடுங்க, ஒரு வார்த்தை விடாம.

என் பேரு வேதமாணிக்கம். ராயபுரத்துல கயித்துக் கடை, போட்டுக்காரங்களுக்கு நைலான் கயிறு விக்கிறேன். பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா நானும் கிருஷ்ணப்பனும் எண்ணூர்ல பறவை பாக்கப் போவோம். எங்க குரூப்புல நாப்பது பேரு. வாத்தியாருங்க, டாக்டருங்க எல்லாம் இருக்காங்க. அங்க எனக்கு ஒரு பட்டம் உண்டு, பவளக்காலி அண்ணாச்சி. அம்பத்தெட்டு வயசுல என்னைக் கயித்துக் கடைக்காரன்னு சொல்லாத ஒரே இடம் அதுதான்.

பட்டம் எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். பவளக்காலின்னா சிவப்புக் காலு உள்ள உள்ளான். சேத்துல கூட்டமா மேயும், எவன் வேணாலும் பாப்பான். அதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, புள்ளிப் பவளக்காலி. எங்க கழிமுகத்துக்கு அது வர்றதே இல்ல. நின்னுக்கிட்டு இருக்கும்போது ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். அலகு கொஞ்சம் நீளம், கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதான். பறந்தாத்தான் குட்டு வெளிப்படும். சாதாரணப் பவளக்காலிக்கு ரெக்கையோட பின் ஓரத்துல பளிச்சுன்னு வெள்ளை. புள்ளிக்கு அது கிடையாது. எட்டு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர்ல நான் புள்ளியைப் பார்த்தேன். ரெண்டு பேரு பார்த்தாத்தான் அபூர்வப் பறவை கணக்குல ஏறும்ங்கிறது குரூப்போட சட்டம். கிருஷ்ணப்பன் அன்னைக்கு டிபன் டப்பாவைத் திறந்துக்கிட்டு இருந்தான். "நீ சொன்னா சரிதான் மாமு"ன்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பட்டம் அதுல வந்ததுதான்.

இந்த ஜனவரியில பழைய கேமரா கார்டை எடுத்துப் போட்டுப் பாத்திருக்கான். அன்னைக்கு அவன் சும்மா எடுத்த படத்துல அதே பறவை, ரெக்கை விரிச்சு. ஓரம் முழுக்க வெள்ளை. கடைக்கு வந்து போன்ல காட்டினான். முகம் வாடிப் போயிருந்துச்சு.

"பேஜாரா கீது மாமு. தோஸ்துன்னு கையெழுத்துப் போட்டேன், தப்பு என் மேலயும்தான் கீது. நீயே குரூப்புல சொல்லிடு. நான் சொன்னா நல்லாக்காது."

எவ்வளவு நல்ல மனுஷன் பாருங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு சார். பட்டம் போயிடுமேன்னு அவமானம். ஒரு வாரம் டைம் குடுன்னேன். சரின்னான்.

புதன்கிழமை கழிமுகத்துப் பக்கம் போனேன், மனசு ஆறட்டும்னுதான். காத்திவாக்கத்து மலர்க்கொடி கையால தடவி இறால் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டாங்க. "அண்ணே, அந்தத் திட்டு மேல கால வெச்சிடாத. கொயா ஒடஞ்சி சாம்பலு வந்து கொட்டிக் கீது. மேல கெட்டி மாரி கீது, உள்ள கூழு." பவர் ஹவுஸ் சாம்பல் குழாயைச் சொன்னாங்க. நான் எதையும் சரிபாக்காம நம்புற ஆளு இல்ல. வியாழக்கிழமை எட்டடி மூங்கில் ஒண்ணு கொண்டுபோய் விட்டுப் பார்த்தேன். முழுசும் போச்சு.

இதுல எங்க ஆளுங்க பழக்கம் ஒண்ணு சொல்லணும். நாங்க கழி ஊன்றிப் பாக்க மாட்டோம், பறவை கிளம்பிடும்னு. பறவைக் காலைத்தான் பாப்போம். உள்ளானுக்கு முட்டி வரைக்கும் தண்ணின்னா நமக்குக் கணுக்கால்தான், தைரியமா நடக்கலாம். அந்தத் திட்டு மேலயும் விரக்கடை தண்ணி நின்னுச்சு, பறவைங்க நின்னுச்சு. அதுங்க நூறு கிராம், நூத்தம்பது கிராம். கிருஷ்ணப்பன் எண்பது கிலோ.

ஞாயித்துக்கிழமை காலையில அவன்ட்ட சொன்னேன், புள்ளி மறுபடி வந்திருக்கு, நீயே பாத்துட்டு அப்புறம் பேசுன்னு. பொய்தான். திட்டு மேல தனியா ஒரு பவளக்காலி நின்னுச்சு, எனக்கு அது சாதாரணமாத்தான் பட்டுச்சு. நான் கை காட்டினேன், அவ்வளவுதான். பைனாகுலரைக் கண்ணுல வச்சபடியே போனான். பறவையைக் கிளப்பக் கூடாது, அதுவா பறக்கணும்னு சொல்றவன். அதனால மெதுவா, ரொம்ப மெதுவாப் போனான்.

முட்டி வரைக்கும் எறங்கினப்போ சிரிச்சான். இடுப்பு வரைக்கும் போனப்போ, "மாமு, டிக்கியில கயிறு கீதுல்ல, எடுத்துனு வா"ன்னான். இருந்துச்சு சார், புதுச் சுருள், வண்டி முப்பது தப்படி தூரத்துல. அந்தச் சத்தத்துல பறவை கிளம்புச்சு. நான் பைனாகுலரைத் தூக்கினேன். அவனும் அந்த நிலைமையில தூக்கினான்.

"வெள்ள இல்ல மாமு! உன்னுதுதான்!" அப்படியே கத்தினான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. வெள்ளை இல்லைதான் சார். நானும் பார்த்தேன்.

அப்பவாவது கயித்தை எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. யோசிச்சேன். ஆனா இது நெஜம்ங்கிறதால பழசு நெஜமாயிடாதுல்லா. அதையும் அவன் சொல்லத்தான் செய்வான், அவன் நேர்மை அப்படி. தண்ணி ஏறிக்கிட்டு இருந்துச்சு. இருபது நிமிஷம் இருக்கும், என்னைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தான். நான் பறவை போன திக்கையே பாத்துக்கிட்டு நின்னேன்.

உங்க ஆளுங்ககிட்ட, நான் லேட்டா வந்தேன், வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். காரியத்தன்னைக்கு அவன் பொண்ணு அம்மு அவன் பறவைக் குறிப்பு நோட்டை என் கையில குடுத்து, "அப்பா ஞாபகமா வெச்சிக்கோங்க அங்கிள்"னு அழுதுச்சு. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி மட்டும் எழுதியிருந்தான், கீழ வெறும் தாளு.

அந்த ஞாயித்துக்கிழமை பார்த்ததை குரூப்புல போட்டேன். நல்லா பாத்தீங்களா அண்ணாச்சி, கூட யாரு இருந்தான்னு கேட்டாங்க. யாருமில்லைன்னுதானே சொல்லி வச்சிருக்கேன். தனியா பார்த்தது செல்லாதுன்னு தள்ளிட்டாங்க. எட்டு வருஷத்துல ஒரே ஒரு உண்மை சார், அதைத் தள்ளிட்டாங்க. மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல.

அதனாலதான் வந்தேன். கிருஷ்ணப்பனை நான்தான் கொன்னேன், தெரிஞ்சே கொன்னேன். எந்தத் தண்டனை குடுத்தாலும் சரி. ஆனா காலைல ஆறு நாப்பதுக்கு அவன் உயிரோட இருந்தான், கண்ணால பார்த்தான், வெள்ளை இல்லைன்னு வாயால சொன்னான். அந்த வரியை அவன் சொன்ன மாதிரியே எழுதுங்க. எழுதிட்டு எனக்கு ஒரு காப்பி குடுங்க சார், குரூப்புக்கு அனுப்பணும்.