கையுறைக்குள் காற்றடைத்து எங்களைக் காத்தவருக்கு

செம்பின் குணமும் ரப்பரின் குணமும் செவ்வனே அறிந்தவரே! சிரித்த முகம் மாறாமல் ‘முடியாது’ எனச் சொல்லவல்ல எங்கள் சோதனை அறையின் அரசியே! மின்பணிமனையின் மூலையறையில் முப்பத்தோராண்டு முனைந்து உழைத்து இன்று ஓய்வு பெறும் அன்பு அக்கா அவர்களே, வணக்கம்!

மின்சாரத்தை ஓடவிடுவது செம்பு, மறித்து நிறுத்துவது ரப்பர் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காய்ந்த மரம் காப்பாற்றும், நனைந்த மரம் காலை வாரிவிடும் என்பதும், ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்த கையுறை கையுறையே அன்று என்பதும் உங்களிடம் வந்த பிறகே எங்கள் மண்டையில் ஏறின. சுடுதேநீரில் கிடந்த உலோகக் கரண்டியைத் தொட்டுக் கையை உதறியவரிடம் மரக்கரண்டியை நீட்டி, சூட்டுக்கும் இதே நியாயம்தான் என்று சிரிப்பீர்கள்.

காலைதோறும் ஒவ்வொரு கையுறையின் வாயையும் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தோடு வைத்துக் கசிவு பார்ப்பீர்கள். அதற்காக ‘பலூன் அக்கா’ என்று உங்களுக்குப் பட்டம் சூட்டியவர்கள் நாங்களே. தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த பெருந்தன்மைக்கு நன்றி.

எங்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கம்பம் ஏறுவதில் கெட்டிக்காரர். பொறுமைக்கும் அவருக்கும் வெகுதூரம். புதிய கையுறை விறைக்கிறதென்று, கைக்குப் பழகிய பழைய ஜோடியைச் சோதனைக்குத் தராமல் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார். ஒரு மழைநாளில், புறப்படவிருந்த வண்டியை மறித்து அதை வாங்கினீர்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். மறுபேச்சின்றிக் கையுறையின் கட்டைவிரலைக் கத்தரித்தே விட்டீர்கள். அவர் கத்தித் தீர்த்தபோது நீங்கள் சொன்னது இவ்வளவுதான்:

“என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. சாயங்காலம் திரும்பி வந்து திட்டுங்க.”

வேலையைக் கெடுக்கிறீர்கள் என்று அதிகாரிக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, புதிய கையுறையோடு அவர் போனார். நிறுத்தியாயிற்று என்று சொல்லப்பட்ட கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. புதிய ரப்பர் தாங்கியது, உயிரோடு இறங்கினார். மாலையில் திரும்பியவர் முன், வெட்டிய கட்டைவிரலில் தண்ணீர் ஊற்றிக் காட்டினீர்கள். நுனியில் ஒரு சொட்டு கசிந்தது. அவருக்குத் திட்ட வாய் வரவில்லை; நன்றி சொல்லவும் வரவில்லை.

உடல்நலம் குன்றாமல், உள்ளம் வாடாமல், உற்றார் சூழ நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழ்க! மன்னிப்புக் கேட்கப் பதினோராண்டு தாமதமாகிவிட்டது, அக்கா. அன்று உங்கள்மேல் புகார் எழுதிய கைதான் இந்த மடலை எழுதியிருக்கிறது.

பணிமனை ஊழியர் அனைவர் சார்பிலும்,
கம்பம் ஏறுபவன்