மூன்றாம் அறையின் தாழ்ப்பாளும் எட்டாம் படமும்

பல் மருத்துவமனையின் பழுதிலாப் பணியே! பதறும் பிள்ளைகளின் பக்கத்துணையே! இருபத்தொன்பது ஆண்டுகள் எம்மோடு இருந்தும் இறுதிவரை ஐயத்துக்கு இடமளித்த செவிலியரே! குழந்தைகள் 'கண்ணாடி அக்கா' என்றழைக்கும் அம்மையீரே! வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடலிலும் பொய் எழுதுதல் கூடாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நாங்கள் தங்களைச் சந்தேகித்தோம். இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டவளும் பண்டக அறைப் பொறுப்பாளருமாகிய நான் அனைவரினும் மிகுதியாகச் சந்தேகித்தேன்.

காரணம் இருந்தது. புதன்கிழமைதோறும் பிற்பகலில் மூன்றாம் அறை உள்ளே தாழிடப்பட்டது. ஒரு தாயும் மகளும் செல்வர். கால்மணி நேரத்தில் வெளிவருவர். பல்லில் கை வைத்த அடையாளமே இராது. தங்கள் பதிவேட்டைப் பிரித்தேன். 'வந்தாள். நாற்காலியைத் தொட்டாள். போனாள்.' அடுத்த வாரம், 'உட்கார்ந்தாள். பத்து எண்ணினோம். போனாள்.' இது மருத்துவமா, விளையாட்டா என்று தலைமை மருத்துவரைக் கேட்டேன். "எனக்கும் அதான்மா டவுட்டு" என்றார் அவர். இதற்கிடையில், வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடிகள் என் பண்டக அறையிலிருந்து ஒவ்வொன்றாய்க் குறைந்தன. ஆறு கண்ணாடிகள்!

பொறுக்க மாட்டாமல் ஒரு புதன்கிழமை கதவைத் தட்டினேன். திறந்ததும் உள்ளே நுழைந்துவிட்டேன். விளக்கு எரியவில்லை. நாற்காலியில், விரித்த மஞ்சள் குடைக்குக் கீழே, ஆட்டிசம் உடைய அந்த ஒன்பது வயதுச் சிறுமி. கையில் என் கண்ணாடி! என்னைக் கண்டதும் திறந்திருந்த வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"போச்சு. மூணு மாசமா காத்திருந்து இன்னிக்குத்தான் தொறந்தாம்மா" என்றீர்கள். கடிந்துகொள்ளவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பின்னரே அறிந்தேன். வேறோரிடத்தில் நால்வர் அவளை அழுத்திப் பிடித்து வாயைத் திறந்திருக்கின்றனர். அன்றுமுதல் பல் மருத்துவமனை வாசலையே மிதிக்க மறுத்திருக்கிறாள். கடைவாய்ப் பல்லோ சொத்தை, மெல்லுவதையே நிறுத்தியிருந்தாள். தானாக வாய் திறக்காவிடில் மயக்க மருந்து ஒன்றே வழி. அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தலைக்குமேல் விளக்கொளி அவளுக்கு ஆகாது, அணைத்த விளக்கும் குடையும் அதற்கே. தாங்கள் கண்ணாடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினீர்கள். அவள் தாயின் வாயைப் பார்த்தாள், பிறகு தன் வாயை. கதவு, நாற்காலி, கண்ணாடி என, நடக்கப்போவதை முறைப்படி காட்டும் படத்தொகுப்பு ஒன்று செய்தீர்கள். படத்தில் இல்லாத எதுவும் அவ்வறையில் நடவாது. படத்தில் இல்லாத எவரும் நுழையார். தாழ்ப்பாள் அதற்கே. நான் படத்தில் இல்லை. என் அவசரத்தால் நான்கு புதன்கிழமைகள் பாழாயின.

அடுத்து, அறிவிப்புப் பலகையிலிருந்த என் புகைப்படம் மறைந்தது. கண்ணாடியாவது பயன்படும், என் முகம் எவருக்குப் பயன்படும்? பழிவாங்குகிறீர்கள் என்றே எண்ணினேன்.

ஐந்தாம் புதன்கிழமை அவள் குடையை மடக்கினாள், வாய் திறந்தாள், படத்தில் ஏற்கெனவே இருந்த பல் மருத்துவர் சொத்தையை அடைத்தார். மறுபுறம் இன்னொரு சொத்தை மீதமிருக்க, தாங்கள் விடைபெறும் நாளும் வந்தது. சென்ற வாரம் என்னை உள்ளே அழைத்தீர்கள். தொகுப்பின் எட்டாம் படம் நான்! சிறுமி அந்தப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள், நான் பண்டகக் கணக்கைப் பார்ப்பதுபோல.

"இந்தம்மா சிரிக்கவே மாட்டேங்கிறாங்களே அக்கா, பயப்பட மாட்டாளா?" என்றார் தாய்.

"படத்துலயும் சிரிக்கல, நேர்லயும் சிரிக்கல. என்னிக்கும் ஒரே மூஞ்சி. அதான் அவளுக்கு வேணும்" என்றீர்கள்.

இவ்வளவு துல்லியமாக என்னை எவரும் பாராட்டியதில்லை.

அம்மையீர்! முப்பத்திரண்டு பற்களும் முழுமையாய் நிலைக்க, முழங்கால்கள் முனகாது நடக்க, நெடுங்காலம் நலமுடன் வாழ்க! ஆறு கண்ணாடிகளையும் திருப்பித் தர வேண்டா. வரும் புதன்கிழமை, மஞ்சள் குடை வரும் நேரத்தில், எட்டாம் படத்திலுள்ள அதே முகத்தோடு மூன்றாம் அறையில் நிற்பேன். சிரிக்க மாட்டேன்.

இங்ஙனம்,
இனித் தாழ்ப்பாளைத் தட்டாத
மருத்துவமனைப் பணியாளர்கள்